ஆட்டிசம் கண்டறியப்படும் வயது: அமெரிக்கச் சான்றுகள் காட்டும் வரலாறு

1938 அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரிலிருந்து டொனால்ட் டிரிப்லெட் என்ற ஐந்து வயதுச் சிறுவனைப் பெற்றோர் பால்டிமோருக்கு அழைத்துச் சென்றனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானருக்கு, வழக்கறிஞரான தந்தை முன்பே 33 பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தார். பையனுக்குத் தனிமையே மகிழ்ச்சி. எதையும் சுழற்றி விடுவதில் தீராத ஆர்வம். யார் வந்தாலும் போனாலும் கண்டுகொள்வதில்லை. 1943இல் கானர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் டொனால்டே முதல் குழந்தை.

அக்கட்டுரையின் 11 குழந்தைகளில் நால்வரின் தந்தையர் மனநல மருத்துவர்கள். தாய்மாரில் ஒன்பது பேர் கல்லூரிப் பட்டதாரிகள். ஆட்டிசம் படித்த குடும்பங்களில் வருவது என்ற எண்ணம் இதிலிருந்து வேரூன்றியது. என் பார்வையில் இந்த விவரம் சொல்வது வேறு: பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த, நெடுந்தொலைவு பயணம் செய்ய முடிந்த பெற்றோரின் பிள்ளைகளே மருத்துவரின் கண்ணில் பட்டார்கள். கண்டறியப்படும் வயதைக் குழந்தையின் அறிகுறிகளோடு குடும்பத்தின் நிலையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதுவே முதல் சான்று.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலான காலம் தாய்மாருக்குக் கொடுமையானது. பாசமற்ற வளர்ப்பே காரணம் என்ற கருத்தை உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் நூலாகவே எழுதிப் பரப்பினார். பழி தன் மேல் விழும் என்றறிந்த தாய் மருத்துவரிடம் வாய் திறக்கத் தயங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. 1977இல் ஆய்வாளர்கள் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் இரட்டையர்களை ஆராய்ந்து மரபின் பங்கை நிறுவிய பிறகே அந்தப் பழி தளர்ந்தது.

வரையறையும் மாறியது. 1980இன் அமெரிக்க மனநலக் கையேடு, 30 மாதத்துக்கு முன் தொடங்கும் நிலையை மட்டுமே குழந்தைப்பருவ ஆட்டிசம் என்றது. 1994இல் ஆஸ்பெர்கர் நிலையும் சேர்ந்தது. இந்நிலையிலுள்ள, பேச்சில் குறையில்லாத பிள்ளைகளின் வேறுபாடு பெரும்பாலும் பள்ளிக்குப் போன பிறகே தெரியவரும். பென்சில்வேனியாவில் டேவிட் மாண்டெல் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் சராசரியாக 3.1 வயதிலும், ஆஸ்பெர்கர் 7.2 வயதிலும் கண்டறியப்பட்டன. எனவே சராசரி வயதை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளக்க முடியாது. வரையறை விரிய விரிய, தாமதமாகத் தெரியவரும் பிள்ளைகளும் கணக்கில் சேர்கிறார்கள்.

நடைமுறையில் பெரிய மாற்றம் தந்தது ஒரு கேள்வித்தாள். வானத்தில் போகும் விமானத்தை விரலால் காட்டி, அம்மாவும் பார்க்கிறாளா என்று குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? எதையும் கேட்டு வாங்குவதற்காக அன்றி, பகிர்ந்துகொள்வதற்காகவே சுட்டுவது இது. இத்தகைய கேள்விகளைக் கொண்டு 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007இல் பரிந்துரைத்தது.

பரிந்துரை எல்லா வீடுகளையும் ஒன்றுபோல எட்டவில்லை. ஏற்றத்தாழ்வு அதற்கு முன்பே இருந்தது. அரசின் மருத்துவ உதவி பெற்ற ஃபிலடெல்ஃபியாக் குழந்தைகளில் வெள்ளையருக்கு 6.3 வயதிலும் கறுப்பினத்தவருக்கு 7.9 வயதிலும் ஆட்டிசம் கண்டறியப்பட்டதை மாண்டெல் 2002இலேயே காட்டியிருந்தார். 2020இல் கான்ஸ்டான்டினோ குழுவினர் வெளியிட்ட முடிவு இன்னும் வேதனையானது. கறுப்பினக் குழந்தைகளுக்குச் சராசரியாக 64.9 மாத வயதில்தான் விடை கிடைத்தது. பெற்றோர் முதலில் கவலைப்பட்டதிலிருந்து அதற்கு மூன்றாண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. பெரும்பாலோரிடம் மருத்துவக் காப்பீடு இருந்தது. தாய் கண்டதை மருத்துவம் ஏற்கத்தான் இத்தனை காலம்.

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022ஆம் ஆண்டுத் தரவில் கண்டறியும் இடைநிலை வயது 47 மாதம். கலிஃபோர்னியாவின் கண்காணிப்புப் பகுதியில் 36 மாதம். டெக்சாஸின் லரேடோவில் 69.5 மாதம். கலிஃபோர்னியாவில் குழந்தை மருத்துவர்களுக்கு முன்கூட்டியே கண்டறியும் பயிற்சி தரப்பட்டிருந்தது. லரேடோப் பிள்ளைகளிடம் அறிகுறிகள் ஏறத்தாழ மூன்றாண்டு பிந்தித் தோன்றுகின்றன என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. மூன்று வயதுக்குட்பட்டோருக்கெனக் கூட்டரசுச் சட்டம் வகுத்துள்ள இளம்பருவ உதவித் திட்டத்தின் காலம், அந்த லரேடோப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் என்று யாரும் சொல்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.