விற்ற வீடும் மனைவியின் பங்கும்

மணமுறிவு நேர்ந்தபின் குடியிருந்த வீட்டை விற்றால், வந்த கிரயத்தை எவ்வாறு பிரிப்பது என்னும் வினா விருதுநகர், சிவகாசி வட்டார ஜமாஅத்துகளுக்கும் வரத்தான் செய்கிறது. தீக்குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பெண்கள் ஈட்டிய கூலி இங்கே எத்தனையோ வீடுகளின் சுவரில் கலந்து கிடக்கிறது. பத்திரத்திலோ பெரும்பாலும் கணவன் பெயர் ஒன்றே இருக்கும்.

மனைவிக்குச் சரிபாதி என்போர் உளர். ஒன்றுமே இல்லை என்போரும் உளர். இருசாராரும் பிழைபடுகின்றனர் என்பது என் துணிபு. நிக்காஹ் நடந்ததனாலேயே இருவர் சொத்தும் ஒன்றாகிவிடும் என்ற கொள்கை ஷரீஅத்தில் இல்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் ஆண் தேடியதில் ஆணுக்கும் பெண் தேடியதில் பெண்ணுக்கும் பங்கை வகுக்கிறது. 20ஆம் வசனமோ, பொற்குவியலையே கொடுத்திருப்பினும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்கலாகாது எனத் தடுக்கிறது. ஆகவே அவள் மனமொப்பி விட்டுக்கொடுத்தாலன்றி, அவளுடைய நகை விற்று வீட்டில் இட்ட பணம் அவளுடையதே. கொடுபடாத மஹர் கணவன்மீது நிற்கும் கடன். பாதி இல்லை என்பதனால் பங்கே இல்லை என்றாகிவிடாது.

வீட்டையே கொடுத்துக் கணக்கை முடித்த ஒரு வழக்கு பம்பாயிலிருந்து உச்சநீதிமன்றம் வரை சென்றதுண்டு. அது பாய் தாஹிரா வழக்கு. 1956இல் மணம், 1962இல் தலாக். இருதரப்பும் இசைந்து பெற்ற தீர்ப்பாணையின்படி அடுக்குமாடி வீடும் அதற்குரிய கூட்டுறவுச் சங்கப் பங்குகளும் மனைவிக்கு வந்தன. மஹர் 5,000 ரூபாய், இத்தாவுக்கு 180 ரூபாய். இத்தாக் காலம் முழுமைக்கும் 180 ரூபாய்! இனி எவ்வுரிமையும் இல்லை என்றும் அதில் எழுதியாயிற்று. பின்னர் அப்பெண் ஜீவனாம்சம் கோரியபோது மாஜிஸ்திரேட் அவருக்கும் மகனுக்கும் மாதந்தோறும் தொகை விதித்தார். செஷன்ஸ் நீதிமன்றம் அதை மாற்றியது, உயர்நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. 1978 அக்டோபரில் உச்சநீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், கொடுத்த தொகை வாழ்க்கைக்கு மெய்யான ஈடாக இருந்தாலன்றிக் கணவனின் பொறுப்பு தீராது எனக் கூறி மாஜிஸ்திரேட்டின் ஆணையை நிலைநிறுத்தினார்.

1985இல் ஷாபானு தீர்ப்பு வந்தது. அதன்மேல் எழுந்த விவாதத்தை ஈண்டு விரிக்கவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மஹரோடு, மணத்திற்கு முன்னும் மணத்தின்போதும் பின்னும் உற்றாரும் கணவன் வீட்டாரும் அவளுக்களித்த பொருள்கள் யாவும் அவளுக்கே உரியன என்றது. 2001 செப்டம்பரில் டேனியல் லதீஃபி வழக்கில் ஐந்து நீதிபதிகள், இத்தாவுக்குள் கணவன் செய்து தரவேண்டிய நியாயமான ஏற்பாட்டில் அவள் குடியிருப்பதற்கான வசதியும் அடங்கலாம் என்றனர்.

1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி கணவன் மனைவியரின் சொத்து வழக்குகளை அந்நீதிமன்றமே விசாரிக்கும். தீர்ப்பில் குறை கண்டால் 30 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நம் மாவட்டத்தார்க்கு 2004 முதல் அது மதுரைக் கிளை. ஆயினும் இருவரும் இசைந்து பெற்ற தீர்ப்பாணைமீது மேல்முறையீடு இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. பெரியவர்கள் கூடிப் பேசி, நீட்டிய தாளில் அழுதுகொண்டே கையெழுத்திடும் பெண்ணுக்கு இந்த விதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நான் பார்த்த நிக்காஹ் பதிவேடுகளிலும் மஹருக்கு இடம் இருந்ததேயன்றி, பெண் கொண்டுவந்த நகைக்கு ஒரு வரியும் இருந்ததில்லை.