புற்றுநோய் ஆதரவுக் கவனிப்பு (காஞ்சிபுரம் மாவட்டம்)

புற்றுநோய் ஆதரவுக் கவனிப்பு என்பது புற்றுநோயாளரின் வலியையும் பிற உடல் தொல்லைகளையும் தணித்து, அவருக்கும் அவர் குடும்பத்தினருக்கும் மனத்தளவிலும் அன்றாட வாழ்விலும் துணை நிற்கும் மருத்துவப் பணியாகும். தமிழ்நாடு அரசின் திட்டங்களில் இது நோய் ஆதரவு சிகிச்சை என அழைக்கப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், குறிப்பாக ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் வாழ்வோருக்கு இக்கவனிப்பு கிடைக்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பொருள்

இக்கவனிப்பு இறுதி நாட்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறாகும். நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய சிகிச்சைகளுடன் இதனையும் பெறலாம். நோயை முற்றாகக் குணப்படுத்த இயலாத நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், ஆறாப்புண் முதலியவற்றைத் தணிக்க வழிகள் உண்டு. எனவே "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்னும் நிலை இத்துறையில் இல்லை.

வரலாறு

1967 இல் சிசிலி சாண்டர்ஸ் இலண்டனில் நிறுவிய புனித கிறித்தோபர் இல்லம் இத்துறையின் நவீன வடிவத்திற்கு வழிகாட்டியது. இந்தியாவில் 1986 இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தொடங்கப்பட்டது. 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், பின்னர் அண்டை அயலார் தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்று நோயாளரின் வீட்டிற்கே செல்லும் முறை உருவாக அடிப்படையாயிற்று. கேரள அரசு 2008 இல் இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. 2014 இல் உலக சுகாதாரப் பேரவை இக்கவனிப்பை எல்லா நாடுகளும் தம் பொதுச் சுகாதார அமைப்பில் சேர்க்குமாறு தீர்மானம் நிறைவேற்றியது.

காரப்பேட்டை மருத்துவமனை

காஞ்சிபுரத்தில் பிறந்தவரும் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவருமான கா. ந. அண்ணாதுரை புற்றுநோயால் பெப்ரவரி 3, 1969 அன்று காலமானார். அவர் நினைவாக அதே ஆண்டில் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இது தமிழ்நாடு அரசின் மருத்துவமனை. மண்டலப் புற்றுநோய் மையமாகவும் ஏற்கப்பட்டுள்ளது.

நெசவுக் குடும்பங்களின் நிலை

ஐயம்பேட்டை வாலாஜாபாத் அருகே, காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊராகும். மருத்துவமனை தொலைவில் இல்லை எனினும், ஒவ்வொரு முறை செல்லும்போதும் தறி நின்றுவிடுகிறது. கோர்வைச் சேலை நெசவில் நெய்பவருடன் கரைப் பகுதிக்குத் துணையாள் ஒருவரும் மரபாக அமர்வார். சேலைக் கணக்கில் கூலி பெறும் குடும்பத்தில் ஒருவர் நோயுற்று, மற்றொருவர் அவருக்குத் துணை சென்றால், இருவரின் உழைப்பும் ஒருசேர நின்றுபோகிறது. ஆகவே வீட்டிற்கே வந்து அளிக்கப்படும் கவனிப்பு இத்தகைய ஊர்களில் இன்றியமையாததாகிறது.

வீடு தேடி வரும் கவனிப்பு

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆகஸ்ட் 5, 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டில் வழங்குவதுடன், நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் இத்திட்டத்தில் அடங்கும். படுக்கையில் உள்ள நோயாளரின் பெயரைப் பதிவு செய்ய, ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரையோ கிராமச் செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகலாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கத்தை வைத்திருப்பது உதவும்.

வலியும் மார்ஃபினும்

கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி உட்கொள்ளும் மார்ஃபின் முதன்மையான மருந்தாகும். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான விதிகளால் இம்மருந்து பல இடங்களில் கிடைக்காமல் இருந்தது. 2014 இல் செய்யப்பட்ட திருத்தம் ஏற்பளிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் இதனைப் பெறும் நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக உட்கொள்ளும்போது அடிமையாதல் அரிது. மலச்சிக்கல் பொதுவான பக்கவிளைவாதலால் அதற்குரிய மருந்தும் சேர்த்தே தரப்படுகிறது.

குடும்பத்தினருக்கான துணை

படுக்கைப்புண் வராமல் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளரைத் திருப்பிப் படுக்க வைத்தல், வாய்த் தூய்மை, புண்ணுக்குக் கட்டு மாற்றுதல் ஆகியவற்றைச் செவிலியர் வீட்டாருக்குக் கற்பிக்கின்றனர். கவனிப்பவரின் உறக்கமின்மை, மனச்சோர்வு, இறப்புக்குப் பிந்தைய துயரம் ஆகியவையும் இப்பணியின் பகுதிகளே.

சிகிச்சைக்காகத் தொடர்வண்டியில் செல்லும் புற்றுநோயாளருக்கு இந்திய இரயில்வே இரண்டாம் வகுப்புப் படுக்கையிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் முழுக் கட்டணச் சலுகை அளிக்கிறது. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை உண்டு. இதற்கு மருத்துவமனையின் சான்றிதழ் தேவை.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாத இரண்டாம் சனிக்கிழமை உலக நோய் ஆதரவு சிகிச்சை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.