விலக்குரிமையும் அறியும் உரிமையும்: மலேசிய அனுபவம்

பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்து வென்றமைக்கு இரு காரணங்கள் உண்டு. மன்னனை வினவ அவளுக்கு வாயில் திறந்திருந்தது. சிலம்பின் பரல் சான்றாக அவள் கையில் இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி நீதி கிட்டுவதில்லை. மலேசியாவின் அண்மைக்கால வரலாற்றை இந்நோக்கில் நாம் ஆராயலாம்.

1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 32ஆம் விதி, மாமன்னர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க இயலாது என்றது. 181ஆம் விதி, மாநில ஆட்சியாளர்களுக்கு அவர்தம் தனிப்பட்ட நிலையில் இதே விலக்கை அளித்தது. அரசாங்கத்தின் மீது வழக்காட 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தமையால், இவ்விலக்கு அரசர்க்கேயன்றி அரசாங்கத்திற்கன்று. 1992இன் இறுதியில் ஜொகூரில் எழுந்த தாக்குதல் புகார்களைத் தொடர்ந்து, 1993இல் நாடாளுமன்றம் இவ்விலக்கை நீக்கியது. ஐவர் கொண்ட சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. எனினும் சட்டத்துறைத் தலைவரின் இசைவின்றி வழக்குத் தொடுக்க இயலாது. வெளிநாட்டவர்க்கு இவ்வழி இல்லை என அந்நீதிமன்றம் 1996இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வாயில் திறந்தது, ஆயினும் அகலத் திறக்கவில்லை.

சான்றின் நிலை வேறாக இருந்தது. 1997 செப்டம்பரில் புகைமூட்டத்தால் சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐ எட்டியது. 300க்கு மேற்பட்டாலே பேரிடர் நிலை எனக் கொள்வர். 1999இல் சுற்றுலாத்துறைக்கு ஊறு நேருமென அரசாங்கம் அவ்வெண்களை வெளியிடுவதை நிறுத்தியது. 2005 ஆகஸ்டில் புகை மீண்டும் சூழ்ந்தபோதுதான் வெளியீடு தொடர்ந்தது. அடுத்து, குறியீடு 500ஐக் கடந்த கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிடுங்கால் ஒரு முரண் புலனாகிறது. அரசரையே நீதிமன்றத்தில் நிறுத்த 1993இல் வழி பிறந்தது. ஆறாண்டுகளுக்குப் பின், தாம் சுவாசிக்கும் காற்றின் அளவைக் குடிமக்கள் அறிய இயலவில்லை. மூச்சுத்திணறலால் துன்புற்றவர் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்கலாம்; ஆனால் தம் வழக்கை நிறுவும் எண்கள் அவ்வரசாங்கத்திடமே இருந்தன. அரியணைக்குரிய விலக்கு ஒரு சிலரைக் காத்தது. தகவல் மறைப்போ நிருவாகம் முழுவதையும் காத்தது. ஆகவே பின்னதே குடிமக்களுக்குப் பெருங்கேடு விளைத்தது என்பது நம் கருத்து.

பினாங்கும், 2011இல் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. அவை மாநிலத் துறைகளையே கட்டுப்படுத்துவன. காற்றை அளக்கும் சுற்றுச்சூழல் துறையோ கூட்டரசுக்குரியது. வாயிலைத் திறப்பதோடு பரலையும் மக்கள் கையில் தருவதே சீர்திருத்தத்தின் நிறைவு என நாம் கருதுகிறோம்.