எம்பெக்கே தேவாலயம்: மரம் காத்த வரலாறு

ஈழத்தின் இடைக்கால வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையுமே சான்றாகக் கொள்வர். மரம் விரைவில் அழியும் பொருள். கறையானும் மழையும் நெருப்பும் அதற்குப் பகை. எனவே, பதினான்காம் நூற்றாண்டில் தோன்றி, மரச் சிற்பத்தாலேயே இன்றும் புகழ்பெற்று நிற்கும் ஒரு கோயில் நம் தனிக் கவனத்துக்குரியது. கண்டி மாவட்டத்து உடுநுவரப் பகுதியில், மலைச்சாரற் கிராமமொன்றில் அமைந்த எம்பெக்கே தேவாலயமே அது. அங்கு வழிபடப்பெறும் தெய்வம் கதிர்காமக் கடவுள் என்பது தமிழ் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

அளவெட்டி போன்ற யாழ்ப்பாணத்துச் சமதரை ஊரொன்றிலிருந்து செல்வோர்க்கு அந்நிலம் முற்றிலும் புதியது. பனையும் தோட்டமும் மறைந்து, கமுகும் வயற்படிகளும் மூடுபனியும் தோன்றுகின்றன. கொழும்பு–கண்டி வீதியில் பிலிமத்தலாவையிற் பிரியும் தவுலகல வீதி, ஒரே நூற்றாண்டில் எழுந்த மூன்று கோயில்களுக்கு நம்மை இட்டுச் செல்கின்றது. கல்லால் அமைந்த கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது. அதன் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்பவர். தென்னிந்தியக் கட்டடக்கலை அதில் தெளிவாகத் தெரிகின்றது. அதே ஆண்டைச் சேர்ந்த லங்காதிலக விகாரையைச் சமைத்தவர் ஸ்தபதிராயர். அங்குள்ள பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. எம்பெக்கே, கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகுவின் (1357–1374) காலத்ததாகக் கொள்ளப்படுகின்றது.

கருவறை, 'திக்கே' எனப்படும் நீண்ட மண்டபம், மேளகாரர் மண்டபம் என அத்தேவாலயம் அமைந்துள்ளது. பேரழகு மரத்தூண்களில் உள்ளது. சதுரமான தூணின் நடுப்பகுதியில் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிற்பம்: கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, மற்போர் செய்வோர், குதிரைமேல் வீரன், நடனமாது, குழந்தைக்குப் பாலூட்டும் தாய், கொடியினின்று தோன்றும் பெண். இத்தகைய செதுக்கல்கள் 514 எனக் கணக்கிட்டுள்ளனர். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து குவிய, அவற்றை மரத்தாலான ஒரே பேராணி பிணைத்து நிற்கின்றது. 'மடொல் குருப்பாவ' எனப்படும் அவ்வாணி, சிற்பத்துக்கு நிகராகத் தச்சரின் கணக்கறிவையும் புலப்படுத்துகின்றது.

யானையும் எருதும் ஒரே தலையிற் கலந்த உருவம் இத்தூண்களில் உண்டு. அதே கற்பனை தஞ்சைக்கு அண்மையிலுள்ள தாராசுரத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் கோயிலிற் கல்லில் அமைந்துள்ளது. இருதலைப் பறவை தென்னகம் நன்கறிந்த கண்டபேருண்டம். யாழ்ப்பாணத்துத் தேர்களிலும் மஞ்சங்களிலும் யாளியையும் அன்னத்தையும் கண்டு பழகிய கண்ணுக்கு இவை அந்நியமாகத் தோன்றா. ஆயின் இதனை முற்றும் தமிழர் கைவேலை எனக் கூறிவிடுவது அவசரமாகும். இதன் முதற் சிற்பி தெல்மட மூலாசாரி என்பது அவ்வூர் மரபு. அப்பெயரிலுள்ள ஊர் மலைநாட்டுக்குரியது. 'ஆசாரி' என்ற சொல்லோ இருமொழிக்கும் பொது. கலைஞர் கருவியையும் வடிவையும் கொண்டு கொடுத்தனர். அவை எவர்க்குரியன என்ற வழக்குப் பிற்காலத்தார் தொடுத்தது.

கோயிலின் தோற்றம்பற்றி வழங்கும் கதையொன்று அளவெட்டியார்க்குச் சிறப்பாக உவப்பளிக்கும். ரங்கம என்ற ஊரின் மேளகாரர் ஒருவர் தோல்நோய் தீரக் கதிர்காமக் கடவுளுக்கு நேர்ந்து, ஆண்டுதோறும் அங்கு சென்று மேளம் வாசித்து வந்தாராம். முதுமையில் நடக்க இயலாதபோது, இறைவன் கனவில் தோன்றி, தாமே அவரது ஊர்ப்புறத்துக்கு வருவதாக அருளினாராம். எம்பெக்கேயில் வெட்டுண்ட கதுரு மரமொன்றிற் குருதி பெருகவே, அவ்விடமே கோயிலாயிற்று என்பர். அரசன் எடுப்பித்த கோயிலுக்கும் மக்கள் நினைவில் மூலவர் ஒரு மேளகாரரே. தவில்மேதை தெட்சணாமூர்த்தியையும் நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனையும் தன் மைந்தராகப் போற்றும் ஊர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

இக்கோயில் எழுந்த காலம் அமைதியான காலமுமன்று. 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவன் துணையுடன் சிவனொளிபாத மலைக்குச் சென்றார். 1359ஆம் ஆண்டின் மடவளைச் சாசனம், மலைநாட்டுச் சில பகுதிகளில் மார்த்தாண்டன் என்பான் வரி பெற விக்கிரமபாகுவுடன் உடன்பாடு செய்தமையைக் குறிக்கின்றது. அவனை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி என அறிஞர் பலர் கொள்வர். இவ்வாறு அரசர் திறைக்கும் நிலத்துக்கும் போட்டியிட்ட காலத்திலேயே தெய்வமும் தொழில்நுட்பமும் எல்லைகடந்து பரவின. அரசியற் பகையை மட்டும் கொண்டு இரு மக்களின் உறவை எழுதும் வரலாறு அரைவரலாறேயாகும்.

இன்னொன்றும் சிந்திக்கற்பாலது. அதே முருகனுக்கு யாழ்ப்பாணத் தலைநகராம் நல்லூரில் இருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தழித்தனர். இன்றுள்ள கோயில் பிற்காலத்தில் வேறிடத்தில் எழுந்தது. கண்டி நாட்டுக்குள்ளும் அவர்கள் புகுந்தனரேனும், 1594இல் எம்பெக்கேக்குத் தொலைவில்லாத தந்துரையிற் படுதோல்வியுற்றனர். அந்நாட்டை நிலையாகக் கைப்பற்ற அவர்களால் இயலவில்லை. கடற்கரைச் சமதரையில் கல்லும் அழிய, மலையிடையே மரம் எஞ்சியது. மலையரணோடு, தலைமுறைதோறும் கூரையைச் செப்பனிட்டும் மேளம் வாசித்தும் வந்த தேவாலயப் பணியாளரும் இதற்குக் காரணராவர்.

கண்டிநாட்டுக் கைவினைஞரின் வாழ்வையும் கலையையும் 1908இல் பெருநூலாக எழுதி உலகறியச் செய்தவர், ஈழத்தமிழர் மரபிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவர் காட்டிய நெறி நமக்கும் உரியது. பேராதனையிற் பயிலும் மாணவர்க்கு எம்பெக்கே ஒரு முற்பகற் பயணமே. அங்கு சென்று மீள்வோர், தத்தம் ஊர்க் கோயில்களின் பழைய தேரையும் வாகனத்தையும் நுணுகி நோக்குவாராக. சிதைந்தவற்றை விறகாக ஒதுக்குமுன் அளந்தும் வரைந்தும் பதிவுசெய்வாராக. நம்மிடம் எஞ்சியிருப்பது சிறிதாதலின், அதனைக் காக்கும் கடன் பெரிது.