பெரும்பாடும் வைத்தியநாதர் சந்நிதியும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் வழியில், மடவார் வளாகத்தில் எழுந்தருளியிருக்கும் வைத்தியநாத ஸ்வாமியைப் பற்றி வழங்கும் கதைகளுள், திருமலை நாயக்க மன்னரின் தீராத வயிற்றுவலி தீர்ந்த கதை ராஜாங்க சம்பந்தமானது; ஸ்திரீகளின் நெஞ்சில் வேரூன்றி நிற்பதோ வேறொன்று. பெற்ற தாய் வந்து சேராத வேளையில் பிரசவ வேதனையில் துடித்த சிவபக்தை ஒருத்திக்குப் பரமேசுவரனே தாயின் உருக்கொண்டு மருத்துவம் பார்த்தான் என்பது அக்கதை. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் சரித்திரத்துக்கு இது உடன்பிறப்பு.

பிரசவ உதிரத்தை ஈசனே தன் கையால் தொட்டான் என்று கொண்டாடிய அதே சமூகம், மாதாந்தர உதிரத்தைத் தீட்டென்று கோயில் வாசலுக்கு அப்பால் நிறுத்திவிட்டது. விலக்கு மூன்று நாளோடு முடிந்தவளுக்கு அது வெறும் ஆசாரம். நாற்பதை எட்டும் வயதில், பதினைந்து நாள் இருபது நாள் என்று உதிரம் நில்லாமல் போய், சோகையால் முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்குகிறவளுக்கோ, வைத்தியநாதனுடைய சந்நிதியே அடைத்த கதவாயிற்று. மதுரை ஜில்லாவில், டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கூவலாபுரத்தில், விலக்கான பெண்கள் ஒதுங்கித் தங்குவதற்கென்றே ‘முட்டுத்துறை’ என்னும் வீடு நம் காலத்திலும் இருந்து வருகிறது. நாளெண்ணி வீடு திரும்பும் அவ்வழக்கம், நாளெண்ண முடியாத நோய்க்கு என்ன ஏற்பாடு செய்ய முடியும்?

நாட்டு வைத்தியர்கள் இந்நோயைப் பெரும்பாடு என்றார்கள். அசோகப்பட்டையை நீரும் பாலும் கூட்டிக் காய்ச்சி, நீர் முழுதும் சுண்டிப் பால் மட்டும் நிற்கும் பதத்தில் இறக்கி வடித்துக் கொடுப்பதும், அத்திப்பட்டைக் கஷாயம் கொடுப்பதும், துவர்ப்பு உதிரத்தைக் கட்டும் என்ற அனுபவத்தின்மேல் எழுந்த முறைகள். ஆனால் உதிரம் எங்கிருந்து, எதனால் வருகிறதென்று கர்ப்பப்பையின் உட்புறத்தை ஆராய அவர்களுக்குச் சாதனம் இல்லை. அதற்கு உதவும் சுரண்டு கருவியைப் பாரிஸ் நகரத்து ரெகாமியே என்பவர் உருவாக்கியது 1840-களில்தான். அந்தக் காலத்திலேயே, 1844-ல், சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி தோன்றி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்றதெனினும், ஆண் டாக்டரிடம் இதைச் சொல்ல எந்தப் பெண்ணின் நா எழும்? 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், 1885-ல், ஆண் முகம் பாராத கோஷாப் பெண்டிருக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவே.

கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பு இல்லாமற்போக, ஈஸ்ட்ரோஜன் தனியே நின்று கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்ய, அது காலவரையின்றிச் சிதைந்து ஒழுகும் என்பதும், நெடுநாள் தடித்த சவ்வு சிலரிடத்தில் புற்றாக மாறக்கூடும் என்பதும் இன்று தெளிந்த விஷயங்கள். நார்க்கட்டியும் சதை வளர்ச்சியும் வேறு காரணங்கள். ஆகவேதான் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவளுக்கு இவ்வாறு உதிரம் போனால், சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். அந்தப் பரிசோதனைக்குக் குறுக்கே நிற்பது இப்பொழுது தீட்டு அன்று. “நிற்கப்போகிற காலத்தில் இப்படித்தான் கொட்டும், தானே சரியாகிவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் பரிவோடு சொல்லும் ஆறுதல்தான்.