கார்டிகனும் எங்கள் அம்மாமாரும்

முன்புறம் பொத்தான் வைத்த கம்பளிப் பின்னற்சட்டையைக் கார்டிகன் என்கிறோம். அது ஒரு போர்த்தளபதியின் பெயர். 1854 ஒக்டோபர் 25இல், கிரைமியப் போரில், பலக்லாவா என்னுமிடத்தில் பிரித்தானிய இலகு குதிரைப்படையை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நடத்திச் சென்றவர் ஏழாவது கார்டிகன் பிரபு. கட்டளை பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். பிரபு உயிருடன் மீண்டார். பின்னலாடைக்கு அவர் பெயர் நிலைத்தது.

20ஆம் நூற்றாண்டில் கொகோ சனெல் போன்றோர் அதைப் பெண்களின் நாகரிக உடையாக்கினர். ஆனால் முதிய பெண்களிடம் அது தங்கியதற்கு நாகரிகம் காரணமன்று, பொத்தான்களே காரணம் என்பேன். தலைவழியாகப் போடும் ஸ்வெற்றருக்குக் கைகளை உயர்த்த வேண்டும். தோள்மூட்டு இறுகியவருக்கு அது வேதனை. மருமகளை அழைக்க வேண்டிவரும். கார்டிகனை இருந்தபடியே, ஒவ்வொரு கையாக நுழைத்துத் தாமே அணியலாம். புழுங்கினால் திறந்துவிடலாம்.

1983க்குப் பின் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்ற எங்கள் அம்மாமார் பலர் சேலையை விடாமல் பனிக்காலங்களைக் கடந்ததும் இதனால்தான். சேலைத் தலைப்பு கசங்காது. மேலே கார்டிகன், காலில் தடித்த காலுறையும் சப்பாத்தும். நுவரெலியாக் குளிரை அறிந்தவர்களுக்கு இக்கோலம் புதிதன்று. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் சிலர் இதைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன்.

2022 செப்டெம்பர் 6இல், பல்மோரல் மாளிகையில் லிஸ் ட்ரஸைப் பிரதமராக நியமித்தபோது, 96 வயதான எலிசபெத் மகாராணி அணிந்திருந்ததும் சாம்பல்நிறக் கார்டிகன்தான். இரண்டு நாட்களில் அவர் காலமானார்.