வைத்தியர் துணையோடு மரணமும் தனிமனித விருப்பமும்: பாகூர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

தீராத வியாதியால் வாடும் ஒருவர், தம் வேதனைக்கு முடிவு வேண்டி, வைத்தியரின் உதவியோடு உயிர் நீக்கலாமா என்னும் விவாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997-லும் நெதர்லாந்தில் 2002-லும் சட்டமாக முடிந்தது. பிரெஞ்சுத் தேசிய சபை 2025 மே 27 அன்று, முதல் வாசிப்பில், 305 வாக்குகளுக்கு 199 என்ற கணக்கில் அதற்கு இசைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் வாழும் புதுச்சேரிக்கு அது அயலூர்ச் சேதியாக இருக்கவில்லை. இக்கட்டுரையின் கட்சி இது: தம் முடிவைத் தாமே தீர்மானிக்கும் உரிமை தர்ம நியாயத்துக்கு ஒத்ததே, ஆயினும் நம் கிராமங்களில் அத்தீர்மானத்தைச் செய்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லராகையால், வைத்தியர் கையால் மரணம் வழங்கும் சட்டத்தை இப்போது இயற்றுவது அவ்வுரிமையைக் காப்பதாகாது.

விரும்பி ஏற்கும் மரணம் தமிழருக்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததைச் சங்க நூல்கள் கூறும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமணத் துறவி சந்திரநந்தியின் நினைவைப் பாறைக் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. இவை ஊரறிய மேற்கொள்ளப்பட்டவை; நாள்தோறும் மனத்தை மாற்றிக்கொள்ள இடம் தந்தவை; பிறர் கை படாதவை. இதற்கு நேர்மாறாக, விருதுநகர்ப் பக்கத்தில் வழங்கிய தலைக்கூத்தலில், முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீராட்டி இளநீர் புகட்டி முடிவைத் துரிதப்படுத்துவோர் உற்றாரே. வெளித்தோற்றத்தில் இரண்டும் மூப்பின் இறுதிதான். எனினும் ஒன்றில் எஜமானர் சாகிறவர், மற்றதில் சுற்றத்தார். சட்டம் இயற்றுவோர் முதலில் காண வேண்டிய பேதம் இதுவே என்பது என் துணிபு.

நம் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று கியான் கவுர் வழக்கில் 1996-ல் தீர்ப்பளித்தது. அருணா ஷான்பாக் வழக்கில் 2011-லும், காமன் காஸ் வழக்கில் 2018 மார்ச் 9 அன்றும், பயனற்ற சிகிச்சையை மறுக்கவும் நிறுத்தவும் வழி திறந்தது. உயிர் போக்கும் மருந்தைக் கொடுப்பது இன்றும் குற்றம். நோயாளியின் சம்மதம் கொலைக் குற்றத்தின் தரத்தைக் குறைக்குமேயன்றி அதைத் துடைத்துவிடாது.

ஏட்டில் இவ்வளவு நுட்பமாக வரையப்பட்ட இவ்வுரிமை, பாகூர்ப் பகுதியில், கடலூர்ச் சாலையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியையே தன்னகத்தே கொண்ட பிள்ளையார்குப்பத்தைச் சுற்றியுள்ள வயல் கிராமங்களில் எவ்வுருவம் கொள்ளும்? தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவை அறிந்தவரும் இக்காட்சியை அறிவர். கையிருப்பும் கடனும் தீர்ந்தபின், "எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்" என்று மகன் கையெழுத்திடுகிறான். ஆம்புலன்ஸில் ஒருவர் ரப்பர்ப் பையை அழுத்தி அழுத்திச் சுவாசம் ஊட்டிக்கொண்டே வருகிறார். வீட்டில் கட்டிலில் கிடத்தி, குழாயை உருவி, உற்றார் வாயில் பால் விடுகிறார்கள். அந்தக் கையெழுத்து நோயாளியுடையதன்று. மகனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு வேறு மார்க்கத்தை எவரும் காட்டவில்லை. ஆனால், "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்பதே முதியோரின் நித்தியப் பிரார்த்தனையாக இருக்கும் வீட்டில், மரண மருந்தும் சட்டப்படி கிடைக்குமானால், அதைக் கேட்பது அவருடைய விருப்பமா, குடும்பத்தின் வறுமையா என்று எந்த மருத்துவர் குழு பிரித்தறியும்?

வலியில் துடிப்பவரிடம் "சமூகம் சீர்ப்படும்வரை பொறுத்திரு" என்பது கொடுமையல்லவா என்று எதிர்க்கட்சியார் கேட்பர். கனமான ஆட்சேபம் அது, இலேசாகத் தள்ளத்தக்கதன்று. எனினும், புற்றுநோயின் கடும் வலியையும் பெரும்பாலும் அடக்கவல்ல மார்ஃபின் மாத்திரை மலிவானது. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியும் 2014 திருத்தத்தால் தளர்ந்திருக்கிறது. மாத்திரைக்கும் அடங்காத வேதனைக்கு, அந்திமக் காலத்தில் மயக்கமூட்டி அமைதிப்படுத்தும் சிகிச்சை உண்டு. இவற்றை வீடுவரை கொண்டு சேர்க்காத அரசு, மரணத்தை மட்டும் கொண்டு சேர்ப்பது அதர்மம்.

உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒருவர் சுயநினைவோடிருக்கையில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டா என்று எழுதிவைக்கும் ஆவணத்துக்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் தேவை என்றிருந்த விதியை 2023-ல் நீதிமன்றம் தளர்த்தி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றே போதும் என்றது. அதன் பிரதியைப் பெற்றுக் காக்க உள்ளாட்சி அமைப்பு ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றும் பணித்தது. பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் அவ்வதிகாரி இன்னார் என்று அலுவலக வாசலில் எழுதிவைத்து, கேட்டு வரும் முதியவருக்கு அந்தப் படிவத்தைத் தமிழிலேயே வழங்க வேண்டும்.